ஜரிகை போர்த்திய ஸ்பூனும் உன் தாய்மாமனும்

பம்பாயில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் என் ஒரே மகனுக்கு, காஞ்சிபுரத்தில் தறிக்குழிக்குள் இரண்டு காலையும் தொங்கவிட்டு, மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு உன் அப்பன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. பதினோரு வரியில் பத்து வரி கல்யாணச் சட்டையின் காலரைப் பற்றி. கடைசி வரியில், "மாமா வராவிட்டால் எனக்குப் பட்டம் கட்டுவது யார்? அம்மாவைக் கொஞ்சம் சமாதானப்படுத்துங்கள்" என்று போகிற போக்கில் ஓர் எரிமலையைக் கிளறிவிட்டுப் போயிருக்கிறாய். கேள்வி நியாயமானதுதான். மாப்பிள்ளையின் நெற்றியில் பட்டம் கட்டத் தாய்மாமன் வேண்டும். வெறும் நெற்றியோடு நீ மணவறையில் உட்கார்ந்தால் வந்த சனம் உன் காலரையா பார்க்கும்? உனக்கு வாய்த்ததோ ஒரே தாய்மாமன். அவனோடு உன் அம்மா பேசி ஏழு வருஷம் ஆகிறது. தன்னைப் பெற்றவளின் கூறைப்புடவையை, தனக்கென்று சொல்லி வைத்திருந்த புடவையை, அண்ணன் கரை வேறு உடல் வேறாக அறுத்துவிட்டான் என்பது அவள் கோபம். நீ அப்போது வேலூர் ஹாஸ்டலில் இருந்தாய். அதனால் உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியை இப்போது எழுதுகிறேன். படித்து முடித்ததும் என்னைப் பற்றி நீ வைத்திருக்கும் மரியாதையில் பாதி போய்விடும். மீதிப் பாதியைக் கல்யாணம் வரைக்குமாவது வைத்திரு.

முதலில் ஒன்று தெரிந்துகொள். உன் அப்பன் பழி வாங்குகிறவன். கோபக்காரன், ரோஷக்காரன் என்றெல்லாம் மெழுகிச் சொல்ல வேண்டாம். என்னைக் கடித்த கொசுவை அடித்ததோடு நிற்காமல், அதன் சம்பந்திகள் குடியிருந்த சாக்கடை வரைக்கும் விசாரித்துக்கொண்டு போய் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு வந்தவன் நான். உன் தாய்மாமன் விஷயத்தில் அந்தக் கொசுவுக்குக் காட்டிய கருணையைக்கூட நான் காட்டவில்லை.

எல்லாம் ஒரு கரண்டியில் ஆரம்பித்தது. செவிலிமேட்டுக்குக் கீழே பாலாற்று மடுவில் ஒரு ரயில்வே துரை தூண்டில் போடுவதைப் பார்த்தேன். புழு இல்லை, தவளை இல்லை. தூண்டில் நரம்பின் முனையில் பளபளவென்று ஒரு உலோகத் துண்டு, அதன் வாலில் ஒரு முள். அதை வீசி இழுக்கிறார். அது தண்ணீருக்குள் குடிகாரன் மாதிரி தள்ளாடிக்கொண்டு வருகிறது. சின்ன மீன் அடிபட்டு ஓடுகிறது என்று நினைத்து விரால் பாய்ந்து கவ்வுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று! அவருடைய கூடையில் விரால்கள் ரயில் ஏறக் காத்திருக்கும் சனம் மாதிரி நெருக்கியடித்தன. "இதுக்கு இன்னா பேரு, சார்?" என்றேன். "ஸ்பூன்" என்றார். "சாப்புடுற ஸ்பூனா?" "அதே மேன். மீன் சாப்பிடுற ஸ்பூன்." அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பாடம்.

அன்றே வீட்டுக்கு வந்து உன் அம்மாவின் சீர்வரிசையில் வந்த பித்தளை நெய்க்கரண்டியின் காம்பை அறுத்தேன். எலி கொண்டுபோனது என்று நான் சொன்னதை அவள் இந்த மாசம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தாள். ஈயம் பூசுகிற காதர் பாயிடம் கொண்டுபோய் இரண்டு முனையிலும் துளை போடச் சொன்னேன். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அரே, கரண்டிக்குக் காது குத்துறியா? மொய் வைக்கணுமா?" என்றார். வெறும் கரண்டியை வீசிப் பார்த்தேன். கல் மாதிரி நேராகப் போய் அடியில் உட்கார்ந்தது. தட்டினேன், வளைத்தேன், மறுபடி தட்டினேன். ஒரு வழியாகத் தள்ளாட ஆரம்பித்தது; ஆனால் விரால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது: காஞ்சிபுரத்து மீன் அல்லவா? ஜரிகை இல்லாமல் எதையாவது ஏறெடுத்துப் பார்க்குமா?

தறிக்குழியில் என் காலடியில் விழும் அறுந்த ஜரிகைத் துண்டுகளை ஒரு வருஷம் பொறுக்கினேன். விரல் நீளம், அரை விரல் நீளம். அவற்றைக் கரண்டியின் முதுகில் மட்டும் ஊசி முனையால் ஒவ்வொன்றாக அடுக்கி, செதில் மேல் செதிலாக ஒட்டினேன். வயிற்றுப் பக்கம் பித்தளை பித்தளையாகவே மின்ன வேண்டும். இரண்டு முனையிலும் சிவப்புப் பட்டு நூலால் இறுக்கிக் கட்டி, மேலே வார்னிஷ் மூன்று கோட்டு, கோட்டுக்கு ஒரு நாள் நிழல் காய்ச்சல். முடிந்ததும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அரசர்கள் பார்த்திருந்தால் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு அதைத் தலையில் வைத்துக்கொண்டிருப்பார்கள். வெயிலில் பிடித்தால் தெருவில் போகிற மாடு கண்ணை மூடிக்கொண்டது.

அதற்குத் தகுந்த மீன் முசரவாக்கம் ஏரியில்தான் இருந்தது, உன் அம்மா பிறந்த ஊரில். அந்த விராலைப் பற்றி ஊரே பேசும். எருமைக் கன்றை விழுங்கியது என்பார்கள். நான் அப்படியெல்லாம் மிகைப்படுத்த மாட்டேன், ஆட்டுக்குட்டியாகத்தான் இருக்கும். தறி ஓடாத அமாவாசையன்று போனேன். உன் அம்மாவும் கூட வந்தாள். காலையிலிருந்து பால் டப்பாவில் சுற்றிய நரம்பை வீசி வீசித் தோள்பட்டை கழன்றது. பகல் ஏறியதும் உன் தாய்மாமன் தணிகாசலம் கரையிறங்கி வந்தான். "மாப்ளே, போய்ச் சாப்புடுங்க. தங்கச்சி கட்டுச்சோறு பிரிச்சு வச்சுக்கினு காத்துக்கினு இருக்குது. அதுவரிக்கும் நான் ரெண்டு வீசு வீசறேன்" என்றான். மச்சானாயிற்றே என்று டப்பாவைக் கொடுத்தேன். மகனே, என் முதல் தவறு அது. இரண்டாவது தவறு, புளிச்சோற்றை உருண்டை உருண்டையாக வாயில் அடைத்தது.

ஏரியே எழுந்து நின்ற மாதிரி ஒரு சத்தம். நான் கரைக்கு ஓடி வருவதற்குள் அந்த விரால் மேட்டில் கிடந்து வாலால் பூமியை அடித்துக்கொண்டிருந்தது. ஊர் கூடிவிட்டது. அதன் வாயிலிருந்த ஸ்பூனைக் கழற்றித் தூக்கிப் பிடித்து யாரோ, "இன்னாபா இது, சாமிக்குச் சாத்துற நகை மாதிரி இருக்குது! யாரு செஞ்சது?" என்றார்கள். உன் தாய்மாமன் என்னைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பார்த்துக்கொண்டே, "நான்தான்பா. நம்ம கைவேலை" என்றான்.

நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பாய். வாயில் இடம் இல்லை. அந்தப் புளிச்சோற்றை விழுங்கி முடிப்பதற்குள் கைதட்டல் முடிந்து, துண்டு போர்த்தி, மேளம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். விழுங்கிய பிறகு பார்த்தால் உன் அம்மா பக்கத்தில் நிற்கிறாள். அண்ணனைப் பார்த்துக் கண்ணெல்லாம் பூரிப்பு. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, "அது உன் வீட்டு நெய்க்கரண்டி, நான் அறுத்தது" என்று எப்படிச் சொல்வேன்? அமாவாசை என்பதால் மீனை அன்றைக்குச் சமைக்கக்கூடாது. அண்டாத் தண்ணீரில் உயிரோடு போட்டு வைத்தார்கள். மறுநாள் காலை டவுனிலிருந்து போட்டோக்காரன் வந்தான். ஒரு கையில் மீன், ஒரு கையில் என் ஸ்பூன், நடுவில் உன் தாய்மாமனின் பல். அதைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு, கீழே பெயின்டரை வைத்து "தாமே செய்த கருவியால் பிடித்தது" என்று எழுதி, கூடத்தில் மாட்டினான். அடுத்த இரண்டு வருஷம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அந்தப் படத்துக்கு நேர் கீழே எனக்கு இலை போட்டார்கள். ஒவ்வொரு கவளத்தையும் நான் பல்லால் மெல்லவில்லை, பகையால் மென்றேன்.

ஒரே ஒரு தரம் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "இன்னா மச்சான், நீங்க செஞ்சதா அது?" கொஞ்சமும் கூசாமல் சொன்னான்: "கரண்டி எங்க வூட்டுச் சீர்தானே மாப்ளே. கரண்டி எங்குளுது, ஏரி எங்குளுது, மீனு எங்குளுது. நடுவுல நீங்க நாலு நூலு ஒட்டினீங்க." நாலு நூல்! ஒரு வருஷம் தறிக்குழியில் குனிந்த முதுகுக்கு நாலு நூல். அன்றைக்கு மனசுக்குள் ஒரு அடுப்பு மூட்டினேன். அணையாமல் விறகு வைத்துக்கொண்டே இருந்தேன்.

காலம் கனிந்தது. கோடையில் ஏரி வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிக்கும் நாள் வரும். அந்த வருஷம் சுற்று ஊர்ப் பெரிய மனிதர்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். "தணிகாசலம், வர்றவங்க கையில ஆளுக்கு ஒரு ஸ்பூன் குடுத்துடுபா. உனக்கு இன்னா, சுண்டு விரல் வேலை" என்று ஊர் சொல்லிவிட்டது. நாற்பது ஸ்பூன். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் தறிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வானிலை விசாரித்தான். உன் படிப்பை விசாரித்தான். கடைசியில், "மாப்ளே, அன்னிக்கு நாம ஒண்ணு செஞ்சோமே, அந்த ஜரிகை தண்ணியில பிரியாம இருக்க மேல இன்னா பூசினோம்?" என்றான்.

"நாமா?" என்றேன்.

"சரி, நீங்க."

"இதை ஊர்ல நாலு பேரு எதிர்ல சொல்லுங்க. நானே நாப்பதும் செஞ்சு தர்றேன்."

"அதெல்லாம் ஆகாது மாப்ளே. படம் மாட்டியாச்சு."

நான் குறுக்கிழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தேன். என் முகத்தில் அந்த நேரம் இருந்த சாந்தத்தைப் பார்த்திருந்தால் மகான் என்று கும்பிட்டிருப்பாய். "கஞ்சி, மச்சான்" என்றேன். "பாவுக்குத் தோய்க்கிறோமே, அதே அரிசிக் கஞ்சி. நல்லாக் கெட்டியா. இத்தினி வருஷமா நூலை நிறுத்துறது எது? கஞ்சிதானே?" வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் சிரித்திருப்பான். கஞ்சியில் பாவு விறைத்து நிற்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவன் அல்லவா? தலையை ஆட்டினான். "எனக்கும் அதான்பா தோணிச்சு" என்று வேறு சொன்னான்!

நானும் அந்த நாளில் போய் முன்வரிசையில் நின்றேன். நாற்பது பேர் வீசினார்கள். ஸ்பூன் தண்ணீரைத் தொட்டதும் கஞ்சி கரைந்தது. கஞ்சி கரைந்ததும் ஜரிகை பிரிந்தது. இந்த நூல் அந்த ஸ்பூனில், அந்த நூல் இவர் நரம்பில். ஒரு தாலுகாவின் பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் ஒரே பாவில் பிணைந்து முன்னே போகவும் முடியாமல் பின்னே வரவும் முடியாமல் நின்றார்கள். ஏரி கல்யாணப் பெண் மாதிரி தகதகத்தது. மீன்களா? வந்தன. பாலாற்றிலிருந்தும் திருமுக்கூடலிலிருந்தும் சொந்தபந்தத்தோடு வந்தன. முள்ளைத் தொடாமல் கஞ்சியை மட்டும் நக்கிவிட்டு ஏப்பம் விட்டன. கரையிலிருந்து ஒருவன் கத்தினான்: "பசி பட்டினின்னு மீனுக்குக் கஞ்சித்தொட்டி தொறந்துட்டான்பா தணிகாசலம்!" அன்றிலிருந்து அவனுக்குக் கஞ்சித்தொட்டி என்றே பெயர். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் சிரித்தேன். விலா வலித்தும் நிறுத்தவில்லை.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. நான் ஒரு வருஷம் பொறுக்கி ஒன்று செய்தேன். அவன் ஒரு வாரத்தில் நாற்பது செய்தானே, அவ்வளவு ஜரிகைக்கு எங்கே போனான்? அவன் தறிகளுக்கென்று முதலாளி கொடுத்த ஜரிகையில் கைவைக்கிற துணிச்சல் அவனுக்குக் கிடையாது. வீட்டுப் பெட்டியைத் திறந்திருக்கிறான். பெற்றவளின் கூறைப்புடவை, அரக்கு உடல், அடர்ந்த கரை. கரையை அறுத்து, உட்கார்ந்து, இழை இழையாக உருவியிருக்கிறான். கொஞ்ச நாள் கழித்து உன் அம்மா ஊருக்குப் போனபோது பெட்டியில் கரையில்லாத உடல் மட்டும் கிடந்தது. "யாரு செஞ்சதுண்ணா?" என்று கேட்டாளாம். "நான்தான்" என்றானாம். வேறு ஒரு வார்த்தை இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வீட்டுக்குள் நுழைந்து, என் எதிரில் விரித்துக் காட்டி, "என் அம்மாவைத் தோலுரிச்சு அனுப்பியிருக்கான் பாருங்க" என்றாள். அந்தப் புடவையில் கஞ்சி வாடை அடித்தது. நான் பாவைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

உனக்கும் ஒரு மச்சான் வரப்போகிறான். ஆகையால் சொல்கிறேன். பழி வாங்காதே என்று உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை, ஆசையும் இல்லை. அதன் ருசி எனக்குத் தெரியும். ஆனால் வாங்குவதற்கு முன்னால், அதற்கான நூலை எதிராளி யார் பெட்டியிலிருந்து எடுப்பான் என்று ஒரு தரம் பார்த்துவிடு. நான் மச்சானைக் குறி வைத்தேன். பட்டது உன் அம்மாவின் மேல்.

அப்புறம் ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டேனே, அதுதான் பெரிய குற்றம். நான் கவனித்தது என்ன தெரியுமா? அவன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கொடுக்க முடியாது. "உன் புருஷன்தான் கஞ்சி என்று சொன்னான்" என்று தங்கையிடம் சொன்னால், "நீதானே முதல் ஸ்பூனைச் செய்தாய், உனக்கே தெரியாதா?" என்று அவள் கேட்பாள். படத்துக்குக் கீழே எழுதியது பொய்யாகிவிடும். தன் பொய்யைக் காப்பாற்ற, கூடப் பிறந்தவளின் கோபத்தைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். பூட்டு அவனுடையது, சாவி என்னிடம். இப்படி ஒரு பழி மூவேந்தர்களும் வாங்கியிருக்க மாட்டார்கள் என்று உள்ளுக்குள் மார்தட்டிக்கொண்டேன். ஒவ்வொரு பண்டிகைக்கும் உன் அம்மா பலகாரம் சுட்டு, அண்ணனுக்கென்று ஒரு பங்கு எடுத்துவைத்து, பிறகு அதைத் தானே எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுப்பாள். அதைப் பார்த்துக்கொண்டே மார்தட்டிக்கொண்டேன்.

உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும், "அவன் கை பட்ட பட்டம் என் புள்ள நெத்தியில ஏறக்கூடாது" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போது சொல்லிவிட்டேன். நெய்க்கரண்டியிலிருந்து கஞ்சி வரைக்கும் ஒன்று விடாமல். உண்மையைச் சொல்கிறேன், பாதி மனசு அவளுக்காகச் சொன்னது. மீதிப் பாதி, அவன் படத்தை நொறுக்க இதுதான் நேரம் என்று சொன்னது. அவள் அழவில்லை, திட்டவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "எலின்னு சொன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான். கரையில்லாத புடவையைப் பையில் போட்டுக்கொண்டு முசரவாக்கம் பஸ் ஏறிவிட்டாள்.

திரும்பி வந்தபோது அவள் பின்னால் உன் தாய்மாமன், கையில் துணிப்பையோடு. கூடத்துப் படத்தின் அடியிலிருந்த எழுத்தை அவன் கையாலேயே சுரண்ட வைத்துவிட்டுத்தான் கூட்டி வந்தாளாம். என்னைப் பார்த்ததும், "வாயத் தொறந்துட்டீங்களா மாப்ளே? அந்தப் புளிச்சோத்த முழுங்க ஒன்பது வருஷமா?" என்றான். "கஞ்சியா இருந்தா சீக்கிரம் எறங்கியிருக்கும் மச்சான்" என்றேன். அடிதடி ஆகியிருக்கும். உன் அம்மா நடுவில் வந்து அந்தப் புடவையை என் தறியின் மேல் போட்டாள். "ரெண்டு பேரும் சேந்து அழிச்சீங்க. ரெண்டு பேரும் சேந்து நெய்யுங்க. அதே கரை. அதைக் கட்டிக்கினுதான் நான் மணவறைக்கு வருவேன். இல்லாட்டி அப்பனும் வேணாம், மாமனும் வேணாம், என் புள்ள ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கட்டும்."

தப்பிக்க வழி இல்லை. அந்தக் கரையின் வரிசை உலகத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். இழை இழையாக உருவினவன் அவன்தானே. நெய்ய நான். அடர்ந்த கரை வைத்த புடவை ஒற்றை ஆளால் ஆகிற காரியமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை எறிய ஒரு ஆள் வேண்டும். இருபது வருஷமாக ஆளை வைத்துத் தறி ஓட்டிய உன் தாய்மாமன், முட்டி இரண்டும் மடமடவென்று சத்தம் போட, என் தறியில் இறங்கி உட்கார்ந்தான். பன்னிரண்டு நாளாகத் தொடையோடு தொடை இடிக்க உட்கார்ந்திருக்கிறோம். அவன் நாடாவை எறிவது கரைக்காக அல்ல, என் விலாவுக்காக. நான் இழையை இறுக்கப் பலகையை அடிக்கிற ஒவ்வொரு அடியும் அவன் மண்டையை நினைத்துத்தான். அதனாலோ என்னவோ, இவ்வளவு இறுக்கமான நெசவை இந்தத் தெரு பார்த்ததில்லை. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பேச்சு கேக்குது, தறி கேக்கல" என்று அதட்டுகிறாள். சாப்பாட்டில் அண்ணனுக்கு மட்டும் நெய் விழுகிறது.

முகூர்த்தத்துக்குள் புடவை இறங்கிவிடும். பட்டம் அவன்தான் கட்டுவான். அதற்கு நான் வாக்குக் கொடுத்தாயிற்று. நீ கவலையில்லாமல் காலரைக் கவனி. அவன் கட்டும்போது நீ குனிந்து கொடு, மரியாதையாக மாமா என்று கூப்பிடு. உன் சண்டை இல்லை இது. என்னுடையது. நான் அதை யாருக்கும் சொத்தாக எழுதி வைக்கப் போவதில்லை, என்னோடு வைத்துக்கொள்கிறேன்.

இன்று மத்தியானம் உன் அம்மா பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டு உள்ளே இருந்த நேரம், உன் தாய்மாமன் நாடாவை நிறுத்தினான். என்னைப் பார்க்காமல், கரையைப் பார்த்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "மாப்ளே, இனிமே எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன். அதும்மேல நெசமா இன்னாதான் பூசினீங்க?" என்றான்.

"வார்னிஷ், மச்சான். மூணு கோட்டு. நிழல்ல காய வையுங்க" என்றேன். என் ஆயுசில் அவனிடம் நான் சொன்ன முதல் உண்மை அது, மகனே.

அவன் ரொம்ப நேரம் என் முகத்தையே உற்றுப் பார்த்தான். பிறகு நாடாவை எடுத்துக்கொண்டு, "போங்க மாப்ளே, இன்னொரு தரம் ஏமாற நான் இன்னா கூமுட்டையா?" என்றான்.